வியாழன் 22 கலை தள்ளி நிற்கிறது: ஸ்டெல்லேரியத்தோடு என் நிரல் ஏன் ஒத்துப்போகவில்லை?

நெல்லை_வானம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்களிடம் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. மாலையில் பிள்ளைகள் மொட்டைமாடிக்கு வரும்போது, இன்றைக்கு எந்தக் கிரகம் எங்கே நிற்கிறது என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கையில் கொடுக்க ஆசை. அதற்காக ஒன்றரை மாதமாக ஒரு பைத்தான் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் திறந்த மூலமாக வெளியிடுவேன்.

கணக்குக்கு எடுத்தது விஎஸ்ஓபி87. கிரகங்களின் நிலையைக் கணக்கிட பாரிஸில் பிரெட்டாங்னோனும் ஃபிரான்கூவும் 1988ல் வெளியிட்ட கணிதத் தொடர். அதில் பி வகைக் கோப்பை எடுத்தேன். பூமி, வியாழன் இரண்டின் சூரியமைய நிலைகளைக் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூமியிலிருந்து வியாழன் இருக்கும் திசை வந்துவிடும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

2026 ஜனவரி 10ஆம் தேதி வியாழன் எதிர்நிலைக்கு (பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் நிலை) வந்ததல்லவா, அன்றிரவு 11:30 மணிக்குக் கணக்குப் போட்டேன். உலக நேரம் 18:00, ஜூலியன் நாள் (நாட்களை ஒரே தொடர் எண்ணாக எண்ணும் முறை) 2461051.25. வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் அதே நேரம், அதே ஊர் வைத்து, வியாழனின் தீர்க்கரேகையை (வானில் சூரியன் செல்லும் பாதை வழியே அளக்கும் கோணம்) என் விடையோடு ஒப்பிட்டால் 22 கலை 7 விகலை வித்தியாசம். நிலவின் விட்டத்தில் முக்கால் பங்கு! மூன்று நாளாகத் தொடர் முழுவதையும் வரிவரியாகச் சரிபார்த்துவிட்டேன், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நேர அலகு ஆயிரமாண்டுதான், நூற்றாண்டு அல்ல என்பதையும் கவனித்துதான் போட்டேன். எங்கே தப்பு?

(பாகையில் 60ல் ஒன்று கலை, கலையில் 60ல் ஒன்று விகலை. புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.)

---

பழைய_தொலைநோக்கி

முதலில் ஒரு நல்ல சேதி. உங்கள் தொடர் சரியாக ஓடுகிறது. அதில் தப்பிருந்தால் 22 கலையில் நிற்காது, பாகைக்கணக்கில் ஓடியிருக்கும்.

இந்த வேலையில் பிழையின் அளவைப் பார்த்தே அது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 22 கலையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது அயனச் சலனம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வசந்த சமபகல் புள்ளி (மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடம்; தீர்க்கரேகை அங்கிருந்துதான் தொடங்கும்) ஆண்டுக்கு 50.29 விகலை பின்னால் நகர்கிறது. விஎஸ்ஓபி87பி தருவது 2000ஆம் ஆண்டுச் சமபகல் புள்ளியிலிருந்து அளந்த தீர்க்கரேகை. ஸ்டெல்லேரியத்தில் நீங்கள் பார்த்தது 'அன்றைய தேதி' தீர்க்கரேகை. இடையில் 26.03 ஆண்டு. பெருக்கிப் பாருங்கள், 1309 விகலை. அதாவது 21 கலை 49 விகலை. ஆக, இரண்டு எண்ணும் சரி. அளக்கத் தொடங்கிய புள்ளிதான் வேறு.

அதே விஎஸ்ஓபி87ல் டி வகைக் கோப்பு அன்றைய சமபகல் புள்ளியை வைத்தே தருகிறது. அதைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, ஸ்டெல்லேரியத்தை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் தளத்தில் 31ஆம் எண் அளவையைத் தேர்ந்தெடுத்தால் பூமியிலிருந்து காணும் தீர்க்கரேகை, அட்சரேகை இரண்டும் கிடைக்கும். இரண்டு சாட்சி ஒரே விடை சொல்லும்போதுதான் தப்பு நம்மிடம் என்று உறுதியாகும்.

---

நெல்லை_வானம்

ஐயா, டி வகைக்கு மாற்றிவிட்டேன். 22 கலை போய் 18 விகலைதான் நிற்கிறது! ஹொரைசன்ஸும் ஸ்டெல்லேரியமும் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன, நான்தான் இன்னும் தள்ளி நிற்கிறேன்.

18ல் 6 எங்கே போயிற்று என்று நானே கண்டுபிடித்தேன். அச்சுத் தளம்பல், நியூட்டேஷன். நிலவின் பாதை சாய்ந்திருப்பதால் பூமியின் அச்சு 18.6 ஆண்டுச் சுற்றில் தலையாட்டுகிறது, தீர்க்கரேகையில் 17 விகலை வரை. அந்தச் சூத்திரத்தின் பெரிய நான்கு உறுப்புகளைப் போட்டதும் அன்றைய மதிப்பு 6 விகலை வந்தது. மீதி 12.

அந்த 12க்கு ஒளிப்பயண நேரம்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். வியாழன் அன்று 4.23 வானியல் அலகு தூரத்தில் இருந்தது. ஓர் அலகுக்கு 499 வினாடி, ஆக ஒளி வந்து சேர 35 நிமிடம். நாம் பார்ப்பது 35 நிமிடத்துக்கு முந்தைய வியாழனை. எனவே வியாழனின் நிலையை மட்டும் 35 நிமிடம் பின்னுக்குக் கொண்டுபோய்க் கணக்கிட்டேன். பூஜ்ஜியம் வரும் என்று எதிர்பார்த்தால், பிழை 12லிருந்து 21க்குக் கூடிவிட்டது! குறியை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று திருப்பிப் போட்டால் 3 வருகிறது. எதற்கு 3 என்றும் புரியவில்லை. இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.

---

செமிகோலன்

சார், 6 அங்குலத் தொலைநோக்கிக்கு 12 விகலை ஒரு விஷயமே இல்லை. குறைந்த சக்திக் கண்ணாடியில் ஒரு பாகை அகலம் தெரியும். ஒளிப்பயணத் திருத்தத்தை எடுத்துவிட்டு, கடைசியில் 12 விகலையைக் கூட்டிவிடுங்கள். ஸ்டெல்லேரியத்தோடு அச்சாக ஒத்துப்போகும். நான் ஒரு செயலியில் அப்படித்தான் செய்தேன், யாரும் குறை சொல்லவில்லை.

---

பழைய_தொலைநோக்கி

செமிகோலன் தம்பி, நீங்கள் உதவத்தான் சொல்கிறீர்கள், ஆனால் இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யவேண்டாம். நெல்லை, நீங்களும் அந்தக் குறியைத் திருப்பிப் போட்டதை இப்போதே பழையபடி மாற்றிவிடுங்கள். 21 வந்த கணக்குதான் சரி. பிழை கூடியது போலத் தெரிந்தாலும் நீங்கள் ஒரு படி முன்னால்தான் போயிருக்கிறீர்கள்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதிர்நிலையில் சூரியன், பூமி, வியாழன் மூன்றும் ஒரே கோட்டில். பூமியும் வியாழனும் ஒரே பக்கமாக, கிழக்கு நோக்கி ஓடுகின்றன. பூமி வேகம், வியாழன் மெதுவு.

ஒளி நம்மிடம் வரும் 35 நிமிடத்தில் வியாழன் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகவே நாம் பார்க்கும் வியாழன் உண்மையான இடத்துக்கு மேற்கே. எவ்வளவு? வியாழனின் வேகம் வினாடிக்கு 13 கிலோமீட்டர். அதை ஒளிவேகத்தால் வகுத்துக் கோணமாக்கினால் 9 விகலை. தூரம் எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகும் என்பதைக் கவனியுங்கள்; தூரம் இரட்டித்தால் ஒளிப்பயண நேரமும் இரட்டிக்கும், கோணம் மாறாது.

இரண்டாவது, பூமியின் ஓட்டம். மழையில் நடக்கும்போது குடையை முன்பக்கம் சாய்த்துப் பிடிக்கிறோமே, அதுபோல ஓடும் பூமியிலிருந்து பார்க்கும்போது ஒளி நாம் ஓடும் திசையிலிருந்து சற்றுச் சாய்ந்து வருவதாகத் தெரியும். இதுதான் ஒளிப்பிறழ்ச்சி, அபெரேஷன். பூமியின் வேகம் ஜனவரியில் வினாடிக்கு 30.3 கிலோமீட்டர், சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் மாதம் அது. ஒளிவேகத்தால் வகுத்தால் 21 விகலை. பூமி கிழக்கே ஓடுவதால் வியாழன் கிழக்கே 21 விகலை தள்ளித் தெரியும்.

மேற்கே 9, கிழக்கே 21. மீதி கிழக்கே 12. உங்கள் முதல் 12 இதுதான்! ஒளிப்பயணத்தை மட்டும் போட்டதும் வியாழன் மேற்கே 9 நகர்ந்தது, கிழக்கே போகவேண்டிய 21 பாக்கி. அதனால்தான் பிழை 21. குறியைத் திருப்பியபோது கிழக்கே 9 நகர்ந்து, 12ல் 3 மிச்சம். அந்த 3க்கு இயற்கையில் ஒரு பொருளும் கிடையாது. சரிக்கு அருகில் வந்துவிட்ட தவறு இப்படித்தான் நம்மை ஏமாற்றும்.

இப்போது 12ஐக் கூட்டும் யோசனை. ஜூலை 29ஆம் தேதி வாக்கில் வியாழன் சூரியனுக்குப் பின்னால் போகிறது. அப்போது பூமி சூரியனின் இந்தப் பக்கம் எதிர்த்திசையில் ஓடும். ஒளிப்பயணம் மேற்கே 9, பிறழ்ச்சியும் மேற்கே 20. மொத்தம் மேற்கே 29 விகலை. ஜனவரியில் கிழக்கே 12 கூட்டிய நிரல் ஜூலையில் 41 விகலை பொய் சொல்லும். எதிர்நிலையில் வியாழனின் தட்டு விட்டமே சுமார் 46 விகலை. தட்டில் கால்பங்கு அளவுக்கு ஒட்டுப்போட்டு, ஏறத்தாழ ஒரு முழுத்தட்டு அளவுக்குப் பிழையை விலைக்கு வாங்குகிறோம்.

ரோமர் 1676ல் வியாழனின் நிலவுகளை வைத்துத்தான் ஒளிக்கு வேகம் உண்டு என்று சொன்னார். பிராட்லி விண்மீன்களில் இந்த 20 விகலை ஆட்டத்தைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் பூமியின் ஓட்டம்தான் காரணம் என்று 1729ல் வெளியிட்டார். அச்சுத் தளம்பலையும் அவரேதான் கண்டுபிடித்தார். அளந்த எண்களை அவர் ஒரு மாறிலியைக் கூட்டி அப்படியே மூடியிருந்தால் இரண்டுமே நமக்குக் கிடைத்திருக்காது. நெல்லை, உங்கள் வகுப்பறையில் இதைச் சொல்லுங்கள். உங்கள் மடிக்கணினியில் வந்த 6, 9, 21 மூன்றும் அந்த மனிதர்கள் வாழ்நாள் செலவழித்துப் பிடித்த எண்கள்.

---

செமிகோலன்

ஐயா, ஜூலைக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். மேற்கே 29 அப்படியே வருகிறது. என் செயலியில் இருக்கும் ஒட்டை இன்றே எடுக்கிறேன். மாறிலியாக இருக்கும் என்று நம்பியதுதான் தவறு. ஒரே ஒரு நாளைக்கு மட்டும் சோதித்துவிட்டு விட்டிருக்கிறேன்.

---

மூன்றாம்பிறை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் விஎஸ்ஓபி பக்கம் போகாமல் ஸ்கைஃபீல்டு என்ற பைத்தான் நிரல் நூலகம் பயன்படுத்துகிறேன். ஜேபிஎல்லின் டிஇ421 என்ற கிரகத் தரவுக் கோப்போடு செவ்வாய் சரியாக வந்தது. புதிது நல்லது என்று டிஇ440க்கு மாறினேன். இப்போது 'மார்ஸ்' என்று கேட்டால் அப்படி ஒன்று கோப்பில் இல்லை என்று பிழைச்செய்தி வருகிறது. கோப்பு பழுதா? இரண்டு முறை இறக்கிவிட்டேன். 114 எம்பி, விடுதி வைஃபையில் சிரமமாக இருக்கிறது.

---

பழைய_தொலைநோக்கி

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, மறுபடி இறக்கவேண்டாம். டிஇ421ல் செவ்வாயின் மையம் தனியாக இருக்கும். டிஇ440ல் செவ்வாய்த் தொகுதியின் பொருண்மை மையம் மட்டும்தான். 'மார்ஸ் பேரிசென்டர்' என்று கேளுங்கள். அதன் இரண்டு நிலவுகளும் பொடிப்பொடி, வித்தியாசம் நமக்குத் தெரியாது. வியாழன், சனிக்கும் அப்படியே கேட்கவேண்டும். புளூட்டோவுக்கு மட்டும் பார்த்து நடக்கவேண்டும். சாரன் பெரியது, பொருண்மை மையம் புளூட்டோவுக்கு வெளியிலேயே விழுகிறது.

அடுத்த முறை டிஇ440எஸ் என்ற சின்னக் கோப்பை எடுங்கள். 32 எம்பிதான். 1849 முதல் 2150 வரை போதுமென்றால் அதுவே தாராளம்.

ஸ்கைஃபீல்டில் இன்னொரு கவனம். 'அப்சர்வ்' ஒளிப்பயணத்தை மட்டும் சேர்க்கும். 'அப்பேரன்ட்' என்று தொடர்ந்து அழைத்தால்தான் பிறழ்ச்சியும், சூரியனருகே ஒளி வளைவதும் சேரும். அதற்குமேல் ஆயத்தொலைவு கேட்கும்போது 'டேட்' என்று சொன்னால்தான் அயனச் சலனமும் தளம்பலும் சேரும். சொல்லாவிட்டால் 2000ஆம் ஆண்டின் (ஜே2000) அச்சுகளிலேயே கொடுக்கும். மேலே நெல்லை ஒவ்வொன்றாகத் தடுக்கி விழுந்து கற்ற அதே படிகள்தான் அந்த மூன்று அழைப்பும்.

---

மூன்றாம்பிறை

வந்துவிட்டது! மிக்க நன்றி ஐயா. மேலே உள்ள பதிவுகளைப் படித்த பிறகுதான் அந்தப் பெயர்கள் எதற்கு என்றே புரிகிறது.

---

யாழ்_இரவு

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்ர பிரச்சினை வேற மாதிரி. தொலைநோக்கியைத் தானாகத் திருப்ப ஆர்டுயினோ ஊனோ எண்ட சின்ன மின்னணுப் பலகையில் நிரல் போட்டிருக்கிறேன். கணினியில் அதே நிரல் சரியான விடை தருது. ஊனோவில் போட்டால் கிரகம் ஆறு மணித்தியாலம் அசையாமல் நிண்டுபோட்டு, திடீரெண்டு ஒரு பாய்ச்சல் பாயுது. நிலவு எண்டால் ஒரே தரத்தில் மூன்று பாகைக்கு மேல. கடிகாரச் சில்லுப் பழுதெண்டு நினைச்சு மாத்தியும் பாத்திட்டன்.

---

செமிகோலன்

இது எனக்குத் தெரிந்த பகுதி, நான் சொல்கிறேன் அண்ணா. கடிகாரச் சில்லில் ஒன்றும் இல்லை. ஊனோவில் 'டபுள்' என்று எழுதினாலும் அது 32 பிட் தசமம்தான், பின்னப்பகுதிக்கு 24 பிட். ஜூலியன் நாள் 24 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அந்த அளவு எண்ணில் 32 பிட்டால் பிரித்துக்காட்ட முடிந்த மிகச்சிறிய இடைவெளி 0.25. கால் நாள்! சரியாக ஆறு மணி நேரம். இடையில் எந்த நேரத்தைக் கொடுத்தாலும் அருகிலுள்ள கால் நாளுக்கு உருட்டிவிடும்.

ஜூலியன் நாளை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து எத்தனை முழு நாள் என்பதை முழு எண்ணாகவும், நாளின் பின்னத்தைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கும்போதும் இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கி, 360ஆல் வகுத்த மீதியை எடுத்தபிறகு கூட்டுங்கள். அல்லது 64 பிட் டபுள் உள்ள பலகைக்கு மாறிவிடுங்கள், அது இன்னும் நிம்மதி. 64 பிட்டில் இதே ஜூலியன் நாள் ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிட நுணுக்கமாகப் பிரியும்.

---

யாழ்_இரவு

சரியாச் சொன்னீங்கள். நாளையும் பின்னத்தையும் பிரிச்சுப் போட்டதும் பாய்ச்சல் நிண்டிட்டுது. ரெண்டு கிழமை வீணாப் போச்சு எண்டு நினைச்சன், இண்டைக்குச் சனிக்கோள் கண்ணாடி நடுவில வந்து நிக்கேக்க அந்த நினைப்புப் போயிட்டுது. நன்றி தம்பி.

---

காவிரிக்கரை

நல்ல இழை. நான் கும்பகோணம் பக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை வாக்கியப் பஞ்சாங்கம் கணித்தார்கள். நான் கணினித்துறைக்குப் போய்விட்டாலும் அந்த ஓலைகளை வைத்துக்கொண்டு, சுவிஸ் எஃபிமெரிஸ் நூலகத்தில் திருக்கணித ஸ்புடம் (கிரகத்தின் துல்லிய நிலை) எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பிழையின் அளவே அது வந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சில 'முகவரிகளை' என் அனுபவத்திலிருந்து நானும் சேர்க்கிறேன்.

24 பாகை வித்தியாசம் வந்தால் அயனாம்சம். மேலை நூலகங்கள் சாயனம் (சமபகல் புள்ளியிலிருந்து அளந்தது) கொடுக்கும், நமக்கு வேண்டியது நிராயணம் (விண்மீன்களை வைத்து அளந்தது); இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அயனாம்சம். மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று வைத்துக்கொண்டது. லாகிரி அயனாம்சம் என்று நிரல்களில் இருப்பது அதன் வழி வந்தது. இப்போது 24 பாகை 13 கலை வாக்கில் இருக்கிறது.

6 முதல் 17 விகலைக்குள் எல்லாக் கிரகமும் ஒரே அளவு தள்ளி நின்றால், நெல்லை கண்டுபிடித்த அதே அச்சுத் தளம்பல். தளம்பல் சேர்ந்த சாயன நிலையிலிருந்து தளம்பல் சேராத அயனாம்சத்தைக் கழித்திருப்போம். இரண்டிலும் இருக்கவேண்டும், அல்லது இரண்டிலும் இருக்கக்கூடாது.

ராகு மட்டும் ஒன்றரைப் பாகை வரை முன்பின் நின்றால் சராசரி ராகுவுக்கும் உண்மை ராகுவுக்கும் உள்ள வித்தியாசம். நூலகத்தில் இரண்டுக்கும் தனி எண்.

இன்னொன்று, இதில் நான் ஒரு வாரம் தொலைத்தேன். சுவிஸ் எஃபிமெரிஸ் தன் தரவுக் கோப்பு கிடைக்காவிட்டால் நின்றுவிடாது. தரவுக் கோப்பு தேவைப்படாத, துல்லியம் சற்றுக் குறைந்த மோஷியர் முறைக்கு மாறி விடையைக் கொடுத்துவிடும். கிரகங்கள் பார்க்கச் சரியாகவே இருக்கும், சந்திரன் மட்டும் சில விகலை நகரும். விடையோடு திரும்பி வரும் கொடி எண்ணைச் சோதித்தால்தான் எந்த முறையில் கணக்குப் போட்டது என்று தெரியும். என் கோப்புறைப் பாதையில் ஒரு சாய்கோடு விட்டுப்போயிருந்தது.

இப்போது என் கேள்வி. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிவு ஒப்பிட்டேன். அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் கிட்டக்கிட்ட வருகின்றன. அஷ்டமி வந்தால் சில மாதங்களில் ஐந்து மணி நேரம்வரை விலகுகிறது. தவறு என்றால் எல்லா நாளும் தவறாக இருக்கவேண்டாமா? அஷ்டமியில் மட்டும் ஏன்?

---

பழைய_தொலைநோக்கி

காவிரிக்கரை ஐயா, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

சந்திரனின் ஓட்டம் சீராக இல்லை. பாதை நீள்வட்டமாக இருப்பதால் வரும் ஏற்ற இறக்கம் 6.29 பாகை வரை. அதோடு சூரியன் இழுப்பதால் வரும் இன்னொரு ஆட்டம் உண்டு, எவெக்‌ஷன் என்பார்கள், 1.27 பாகை. இந்த இரண்டாவது ஆட்டம் திதியைப் பொறுத்துத் திசை மாறும். அமாவாசை, பௌர்ணமியில் முதல் ஆட்டத்துக்கு எதிராக நிற்கும். 6.29லிருந்து 1.27 போனால் 5.02. அஷ்டமி வாக்கில் முதல் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். 6.29உடன் 1.27 கூடினால் 7.56.

உங்கள் தாத்தாவின் வாக்கியங்களில் (நாளுக்கொரு நிலையைச் சொற்றொடராக்கி மனப்பாடம் செய்த கணக்கு) சந்திரனுக்கு ஒரே ஒரு ஏற்ற இறக்கம்தான், சுமார் 5 பாகை. ஏன் 5? கிரகணத்தை வைத்துச் சரிபார்த்த கணக்கு அது. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் வரும். அன்றைக்கு வானம் காட்டுவது 5.02! அவர்கள் பார்த்த இடத்தில் அவர்கள் கணக்கு மிகச்சரி. அஷ்டமியில் வானம் 7.56 வரை போகும், வாக்கியம் 5லேயே நிற்கும். வித்தியாசம் இரண்டரைப் பாகை. திதி நாளுக்கு 12.2 பாகை ஓடுகிறது, இரண்டரைப் பாகைக்கு ஐந்து மணி நேரம். நீங்கள் அளந்தது அதுதான்.

248 நாளுக்கு ஒரு வாக்கியத் தொகுதி என்பதையும் சோதித்துப் பாருங்கள். சந்திரன் அண்மைப்புள்ளிக்குத் திரும்பும் காலம் 27.5545 நாள். அதை 9ஆல் பெருக்கினால் 247.99. எந்தக் கருவியும் இல்லாமல் இந்த ஒன்பதைப் பிடித்திருக்கிறார்கள். 1825ல் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடத்திலிருந்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்திருக்கிறார். தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல்!

இன்னொரு விஷயம், திதிக்கு அயனாம்சம் தேவையே இல்லை. சந்திரனிலிருந்து சூரியனைக் கழிக்கும்போது இரண்டிலும் உள்ள அயனாம்சம் அடிபட்டுப்போகும். நட்சத்திரத்துக்குத்தான் வேண்டும். அயனாம்சத்தால் திதி மாறுகிறது என்று யாராவது சொன்னால் அவர்கள் நிரலில் வேறு கோளாறு இருக்கிறது.

---

காவிரிக்கரை

6.29லிருந்து 1.27 கழித்தால் 5.02. இதை எங்கள் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கிரகணத்தன்னிக்கு உங்க தாத்தா ஆத்தங்கரையில உக்காந்து நாழிகை பாப்பார்டா" என்றார்.

---

நெல்லை_வானம்

மன்னிக்கவும், தேர்வுத்தாள் திருத்தும் வேலையில் நான்கு நாள் வரமுடியவில்லை.

வியாழன் சரியாகிவிட்டது, கடைசியில் எழுதுகிறேன். முதலில் சந்திரன். ஜனவரி 3 திருவாதிரை, பௌர்ணமியும்கூட. அன்று மாலை 7 மணிக்கு நிலவு கிழக்கே தாழ்வாக இருந்தது. என் கணக்கு ஸ்டெல்லேரியத்திலிருந்து முழுதாக ஒரு பாகை விலகியது. மேலே எழுதியவற்றைப் படித்துப் பழகியதால் இந்த முறை பதற்றம் இல்லை. ஒரு பாகை யாருடைய முகவரி என்று யோசித்தேன். இடமாறு தோற்றம். நான் பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகிறேன், ஸ்டெல்லேரியம் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிறது. நிலவு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் 6,378 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தாலே ஒரு பாகை வித்தியாசம் வரும். திருநெல்வேலியின் அட்சரேகையைப் போட்டுத் திருத்தினேன்.

அதன் பிறகும் 43 விகலை பாக்கி. இதற்குத்தான் உதவி வேண்டும். பிறழ்ச்சியும் தளம்பலும் போட்டாகிவிட்டது.

---

பழைய_தொலைநோக்கி

நிலவு உங்கள் கணக்கில் மேற்கே பின்தங்கி நிற்கிறதா?

---

நெல்லை_வானம்

ஆம், மேற்கேதான்.

---

பழைய_தொலைநோக்கி

அப்படியானால் டெல்டா டி. தொடர்கள் எல்லாம் சீரான அணுக்கடிகார நேரத்தில் கணக்கிடுகின்றன. நம் கைக்கடிகாரம் பூமியின் சுழற்சியை ஒட்டி ஓடுகிறது. பூமி அவ்வளவு சீராகச் சுழல்வதில்லை. இப்போதைய வித்தியாசம் 32.184 வினாடியும், 1972ல் தொடக்கத்திலேயே இருந்த 10 வினாடியும், அதன்பின் சேர்த்த 27 லீப் வினாடியும், ஆக 69.184. உலக நேரத்தை அப்படியே தொடருக்குள் போட்டிருப்பீர்கள், அதனால் 69 வினாடி பழைய நிலவு கிடைத்திருக்கிறது. ஜனவரி 1ல் நிலவு பூமிக்கு அண்மையில் இருந்ததால் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, வினாடிக்கு 0.62 விகலை. பெருக்கினால் 43.

வியாழனில் இது ஏன் தெரியவில்லை என்றால், அது 69 வினாடியில் 0.4 விகலைகூட நகராது. நிலவுதான் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். காவிரிக்கரை ஐயா, உங்கள் நூலகத்திலும் இதே பொறி உண்டு. 'யுடி' என்று முடியும் அழைப்பு டெல்டா டியைத் தானே சேர்க்கும், முடியாதது சேர்க்காது. மாற்றி அழைத்தால் எல்லாத் திதி முடிவும் 69 வினாடி, அதாவது உங்கள் பழைய கணக்கில் ஏறத்தாழ மூன்று விநாழிகை தள்ளிப்போகும்.

இந்திய நேரத்தை உலக நேரமாக மாற்றாமல் விட்டால் என்ன வரும் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரத்தில் நிலவு 3 பாகை ஓடும். நிலவு கிழக்கே 3 பாகை முந்தினால் வேறு எங்கும் தேடவேண்டாம்.

---

மூன்றாம்பிறை

ஒரு சந்தேகம். நான் முதலில் ஒரு இணையப்பக்கத்தில் இருந்த எளிய சூத்திரத்தைப் பயன்படுத்தினேன். ஜேபிஎல் கொடுக்கும் பாதை அட்டவணை, ஒரு கிரகத்துக்கு ஆறு எண்ணும் அவற்றின் மாற்றமும். அதில் செவ்வாய் நன்றாக வந்தது, சனி மட்டும் 8 கலை போல விலகியது. கெப்ளர் விதி சனிக்குப் பொருந்தாதா?

---

பழைய_தொலைநோக்கி

விதி பொருந்தும். ஆனால் சனி தனியாக இல்லை. சனி இரண்டு சுற்று வருவதற்குள் வியாழன் ஏறத்தாழ ஐந்து சுற்று வந்துவிடுகிறது. அதனால் இரண்டும் ஒன்றையொன்று இழுப்பது ஒரே இடத்தில் மறுபடி மறுபடி சேர்ந்து, சுமார் 900 ஆண்டுச் சுற்றில் ஒரு பெரிய விலகலாக வளர்கிறது. லாப்லாஸ் 1785ல் அவிழ்த்த முடிச்சு இது. அந்த அட்டவணை 1800 முதல் 2050 வரைக்கு வெறும் ஆறு எண்ணில் எல்லாவற்றையும் சராசரியாக அடக்கப் பார்க்கிறது. செவ்வாய்க்கு 40 விகலை, வியாழனுக்கு 400, சனிக்கு 600 வரை பிழை வரலாம் என்று ஜேபிஎல்லே அதோடு சேர்த்து எழுதியிருக்கிறது. உங்கள் 8 கலை, 480 விகலை, அதற்குள்தான் அடங்குகிறது. தாளில் கிரகம் எந்த ராசியில் என்று காட்ட அது போதும். தொலைநோக்கிக்குப் போதாது.

---

நெல்லை_வானம்

சந்திரன் வந்துவிட்டது! 43 போய் ஒரு விகலைக்குள் நிற்கிறது. நான் எடுத்த தொடர் சுருக்கமானது, அதற்கு இதுவே எல்லை.

வியாழனுக்கு ஐயா சொன்னபடி குறியைச் சரிசெய்து, பூமியின் திசைவேகத்தை விஎஸ்ஓபியிலிருந்தே எடுத்துப் பிறழ்ச்சியைச் சேர்த்தேன். 21 விகலை ஒரே அடியில் காணாமல் போய் 0.3 ஆனது. டெல்டா டி போட்டதும் அதுவும் குறைந்தது. பிறகு ஆசை விடவில்லை. டிஇ440எஸ் இறக்கி, தளம்பலுக்கு முழுத் தொடரையும் போட்டேன். ஹொரைசன்ஸில் கூடுதல் தசமம் கேட்டு ஒப்பிட்டால் 0.04 விகலை நிற்கிறது. எந்தத் திருத்தத்தைத் தொட்டாலும் அது அசையவில்லை.

நேற்று இரவு படுத்தபிறகுதான் மூன்றாம்பிறைக்கு ஐயா எழுதிய பதில் நினைவுக்கு வந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன். ஹொரைசன்ஸில் நான் கேட்டது 599, வியாழனின் மையம். என் கோப்பில் இருப்பது 5, நிலவுகளையும் சேர்த்த பொருண்மை மையம். நான்கு பெரிய நிலவுகளும் ஒரே பக்கம் திரண்டால் வியாழனை 200 கிலோமீட்டருக்குமேல் இழுத்துவிடும், 4.23 அலகு தூரத்திலிருந்து அது 0.07 விகலை. ஹொரைசன்ஸிடம் 5 என்று மாற்றிக் கேட்டேன். கடைசித் தசமம் வரை ஒத்துப்போகிறது.

நிரலில் இப்போது சோதனைக் கோப்பு ஒன்று சேர்த்திருக்கிறேன். ஜனவரி 3 நிலவு, ஜனவரி 10 வியாழன், ஜூலை 29 வியாழன், 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் 6 கலை நெருக்கத்தில் நின்ற மாலை. யார் எந்த வரியை மாற்றினாலும் இந்த நான்கும் ஓடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிச் சாவி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் அணைத்துப் பார்த்து எத்தனை விகலை நகர்கிறது என்று தாங்களே அளக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினோரு பேர் வருகிறார்கள். வானம் தெளிந்திருந்தால் அச்சடித்த தாளோடு மாடிக்குப் போகிறோம்.